மியூனிக் பீர் ஹால்களில் ஒரு நாள்: எங்கே தொடங்கலாம், எங்கே நிறுத்தலாம்?

காலை பத்தரை மணி. ஜெர்மனியின் மியூனிக் நகரில், மரியன்பிளாட்ஸ் சதுக்கத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கிறது ஷ்னைடர் ப்ராய்ஹவுஸ். மேசைக்கு ஒரு பீங்கான் சட்டி வருகிறது. மூடியைத் திறந்தால் வெந்நீரில் மிதக்கும் இரண்டு வெள்ளை சாசேஜ்கள். தொட்டுக்கொள்ள இனிப்பான கடுகு சாஸ், கடிக்க உப்பு தூவிய பிரெட்செல், கூடவே அரை லிட்டர் கோதுமை பீர்.

'என்னது, காலையிலேயே பீரா?' என்று அதிர்ச்சியாக வேண்டாம். பவேரியா மாநிலத்தில் இது பரம்பரையாக வரும் காலை டிபன்!

'வைஸ்வூர்ஸ்ட்' எனப்படும் இந்த சாசேஜுக்கு ஒரு விதி உண்டு. மதியம் 12 மணிக்கு தேவாலய மணி அடிக்கும் சத்தம் அதன் காதில் விழக்கூடாது என்பார்கள். புகையூட்டாமல், பதப்படுத்தாமல் செய்யப்படும் இறைச்சி இது. ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்தில் மதியம்வரை வைத்திருந்தால் கெட்டுப்போகும். இப்போது ஃப்ரிட்ஜ் இருக்கிறது. ஆனாலும் விதி போகவில்லை. தோலை உரித்துவிட்டு உள்ளே இருப்பதை மட்டும் சாப்பிட வேண்டும். தோலோடு வெட்டி வாயில் போட்டால், பக்கத்து மேசைக்காரருக்கு நீங்கள் ஊருக்குப் புதுசு என்று புரிந்துவிடும்.

பீர் ஹால்களைச் சுற்றிப் பார்க்க ஒரு நாளை ஒதுக்குபவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. பல பேர் பத்து இடங்களைப் பட்டியல் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்கள். மூன்று போதும். நான்காவது இடத்தில் பார்த்தது எதுவும் மறுநாள் நினைவில் இருக்காது!

கணக்கு போட்டால் விஷயம் புரியும். இந்த ஊர் பீர் ஹால்களில் 'மாஸ்' என்றால் ஒரு லிட்டர். சுமார் 5 சதவிகித ஆல்கஹால் கொண்ட ஒரு மாஸில் ஏறத்தாழ 40 கிராம் சுத்தமான ஆல்கஹால் இருக்கிறது. அதை உடல் கரைத்து முடிக்க ஐந்தாறு மணி நேரம் ஆகலாம். 'பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை' என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆகவே, எந்த ஹாலில் குடிப்பது, எந்த ஹாலில் வெறுமனே உட்கார்ந்து பார்ப்பது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துகொள்வது புத்திசாலித்தனம்.

குடிக்காதவர்களுக்கு இடமில்லையோ என்ற தயக்கம் வேண்டாம். கோலாவும் ஆரஞ்சும் கலந்த 'ஸ்பேட்சி', ஆப்பிள் ஜூஸில் சோடா கலந்த 'ஆப்ஃபெல்ஷோர்லே', ஆல்கஹால் இல்லாத பீர் எல்லாம் எங்கும் கிடைக்கும். குழந்தைகளுடன் குடும்பமாக வந்து சாப்பிடுபவர்களே பல மேசைகளில் இருப்பார்கள். சைவக்காரர்களுக்குத்தான் கொஞ்சம் சிரமம். சீஸில் புரட்டி, வறுத்த வெங்காயம் தூவிய 'கேஸஷ்பெட்ஸ்லே' நூடுல்ஸ், சீஸும் வெண்ணெயும் மிளகாய்த்தூளும் பிசைந்த 'ஒபாட்ஸ்டா' இரண்டும் கைகொடுக்கும். மேசையில் கூடை நிறைய பிரெட்செல் வைத்திருந்தால் இலவசம் என்று நினைத்துவிடாதீர்கள். எத்தனை எடுத்தீர்களோ அத்தனைக்கும் பில் வரும்.

பூட்டுப் போட்ட பீர் குவளை

மதியம் இரண்டாவது இடம், உலகப் புகழ்பெற்ற ஹோஃப்ப்ராய்ஹவுஸ். 1589-ல் பவேரியாவின் கோமகன் (டியூக்) ஐந்தாம் வில்ஹெல்ம், தன் அரண்மனைத் தேவைக்காகத் தொடங்கிய மதுவடிசாலை இது. 1828-ல்தான் பொதுமக்களுக்குக் கதவு திறந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து பெரும்பகுதி சிதைந்தது. மேல்மாடியின் விழா மண்டபம் மறுபடி திறக்கப்பட 1958 ஆகிவிட்டது. இன்றும் இது பவேரிய மாநில அரசின் சொத்து.

'அது டூரிஸ்ட்டுகளுக்கான இடம்' என்று உதட்டைப் பிதுக்கும் மியூனிக்வாசிகள் உண்டு. பாதி உண்மைதான். ஆனால், தரைத்தளத்தில் ஒரு மூலைக்குப் போய்ப் பாருங்கள். இரும்புக் கம்பித் தடுப்புக்குள் வரிசையாகப் பீர் குவளைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பூட்டு! வாடிக்கையாளர்கள் தங்கள் சொந்தக் குவளையை இங்கேயே பூட்டி வைத்துவிட்டுப் போகிறார்கள். வந்ததும் திறந்து, கழுவி, அதிலேயே வாங்கிக் குடிக்கிறார்கள்.

இவர்களுக்கென்று நிரந்தர மேசைகளும் உண்டு. 'ஷ்டாம்டிஷ்' என்ற பலகை தொங்கும் மேசையில் வெளியாள் உட்காரக் கூடாது. மற்ற நீள மேசைகளில் காலியிடம் இருந்தால், 'இங்கே உட்காரலாமா' என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முன்பின் தெரியாதவர்களுடன் உட்கார்ந்துகொள்ளலாம். குவளையை மோதும்போது எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்க்க வேண்டும். பார்க்காவிட்டால் மரியாதைக் குறைவு.

பரிமாறும் பெண்களைக் கவனிக்காமல் வந்துவிடாதீர்கள். நிரம்பிய ஒரு கண்ணாடிக் குவளை இரண்டு கிலோவுக்கு மேல். ஒரே நடையில் பத்துக் குவளை தூக்கினால் இருபது கிலோவைத் தாண்டும். அந்தக் கூட்டத்தில், அந்த இரைச்சலில், ஒரு சொட்டு சிந்தாமல்! டிப்ஸ் கொடுக்க மனம் தயங்காது.

இதே கட்டடத்தின் மேல்மாடி மண்டபத்தில்தான் 1920 பிப்ரவரி 24 அன்று ஹிட்லர் தன் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூட அன்றைய மியூனிக்கில் வசதியான இடம் பீர் ஹால்தான். அரசியல் அங்கேதான் நடந்தது.

இப்போது இல்லாத ஹால்

சாப்பாடு முடிந்ததும் பெரும்பாலானவர்கள் அடுத்த பீர் ஹாலைத் தேடுவார்கள். அதற்குப் பதில் இசார்டோர் வாசல் வழியாகக் கிழக்கே நடந்து, லுட்விக் பாலத்தில் இசார் ஆற்றைக் கடந்து, ரோசன்ஹைமர் தெருவில் ஏறினால், பீர் ஹால் இல்லாத ஓர் இடம் வரும். இந்த நாளில் தவறவிடக் கூடாத இடம் அதுதான்.

பியூர்கர்ப்ராய்கெல்லர் இங்கேதான் இருந்தது. 1923 நவம்பர் 8 இரவு ஹிட்லர் இங்கே நுழைந்து, கூரையை நோக்கிச் சுட்டு, ஆட்சிக் கவிழ்ப்பை அறிவித்தார். மறுநாள் அந்த முயற்சி தோற்றது. ஆட்சிக்கு வந்த பிறகு, ஆண்டுதோறும் அதே தேதியில் இங்கே வந்து பேசுவது அவர் வழக்கமானது.

அந்த வழக்கத்தைக் கவனித்தவர் கேயோர்க் எல்சர் என்ற தச்சர். கட்சிப் பலமோ கூட்டாளிகளோ இல்லாத தனி மனிதர். 1939-ல் இந்த ஹாலுக்குச் சாதாரண வாடிக்கையாளர்போல வந்து இரவு உணவு சாப்பிடுவார். பிறகு ஒளிந்துகொள்வார். கதவைப் பூட்டிக்கொண்டு எல்லோரும் போனதும், பேச்சு மேடைக்குப் பின்னால் இருந்த தூணைக் குடைவார். முப்பது இரவுகளுக்கு மேல் இப்படி. மண்டியிட்டே வேலை செய்ததில் முழங்கால்கள் சீழ்பிடித்தன.

நவம்பர் 8 இரவு 9.20 மணிக்கு, அவர் வைத்த கடிகாரப்படியே குண்டு வெடித்தது. ஆனால், பனிமூட்டத்தால் விமானத்தில் போக முடியாமல் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால், பேச்சைச் சீக்கிரமே முடித்த ஹிட்லர் 13 நிமிடங்களுக்கு முன்பே கிளம்பிவிட்டிருந்தார். எட்டுப் பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் அங்கே பரிமாறிக்கொண்டிருந்த பெண். சுவிஸ் எல்லையில் அன்றிரவே பிடிபட்ட எல்சர், 1945 ஏப்ரல் 9 அன்று டாகாவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டார். போர் முடிய ஒரு மாதம்கூட இல்லை.

அந்தக் கட்டடம் 1979-ல் இடிக்கப்பட்டது. தூண் நின்ற இடத்தில் தரையில் ஒரு நினைவுத் தகடு மட்டும் பதித்திருக்கிறார்கள். தேடிப் பார்க்காவிட்டால் மிதித்துக்கொண்டு போய்விடுவோம்.

கட்டுச்சோற்றுக்கு அனுமதி உண்டு

பக்கத்திலேயே ரோசன்ஹைமர் பிளாட்ஸ் நிலையம். மேற்கே போகும் எஸ்-பான் ரயிலில் ஐந்தாவது நிறுத்தமான ஹாக்கர்புருக்கேயில் இறங்கினால், சிறிது நடையில் அவுகுஸ்டீனர் கெல்லர். 1328-ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லும் மதுவடிசாலையின் தோட்டம். செஸ்ட்நட் மரங்களுக்கு அடியில் ஆயிரக்கணக்கான இருக்கைகள். இங்கே மரப் பீப்பாயிலிருந்து பீர் ஊற்றித் தருகிறார்கள்.

மரங்கள் அழகுக்காக வைத்தவை அல்ல. பழைய காலத்தில் கோடையில் பீர் காய்ச்சத் தடை இருந்தது. குளிர்காலத்தில் காய்ச்சியதை நிலவறையில் சேமித்தார்கள். அந்த நிலவறை சூடாகாமல் இருக்க மேலே அகன்ற இலை மரங்களை நட்டார்கள். நிழல் கிடைத்த இடத்தில் மக்கள் உட்கார ஆரம்பிக்க, நகரத்து விடுதிக்காரர்கள் வியாபாரம் போகிறதே என்று புகார் செய்தார்கள். 1812-ல் பவேரிய மன்னர் ஒரு சமரசம் செய்தார். தோட்டத்தில் பீர் விற்கலாம், சமைத்த உணவு விற்கக் கூடாது. உடனே மக்கள் வீட்டிலிருந்தே சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள்.

உணவு விற்கும் தடை எப்போதோ போய்விட்டது. கட்டுச்சோறு உரிமை மட்டும் இன்றுவரை இருக்கிறது. மேசைவிரிப்பு போட்ட மேசைகளில் சர்வர் வருவார், அங்கே கூடாது. விரிப்பு இல்லாத வெறும் மர மேசையில் உங்கள் டப்பாவைத் தாராளமாகத் திறக்கலாம். பானம் மட்டும் அங்கே வாங்க வேண்டும். பல தோட்டங்களில் குவளைக்கு முன்பணம் வாங்குவார்கள். குவளையைத் திருப்பிக் கொடுத்தால் காசு திரும்பி வரும்.

ஜெர்மனியில் பீர் விற்பனை பல ஆண்டுகளாகச் சரிந்து வருகிறது. இளைஞர்கள் குறைவாகக் குடிக்கிறார்கள். 2024-ல் மியூனிக் ரயில் நிலையத்துக்கு அருகில் ஆல்கஹாலே இல்லாத ஒரு பீர் தோட்டம்கூடத் திறந்தார்கள். பெயர், 'பூஜ்யம்' என்று பொருள் தரும் 'டீ நுல்'! மாலை நேரத்தில் மூன்றாவது குவளையைத் தவிர்க்க நினைப்பவர்களுக்கு இந்த ஊரிலேயே இப்போது துணை இருக்கிறது.

திரும்பும்போது வாடகை சைக்கிள், இ-ஸ்கூட்டர் ஆசை வேண்டாம். போதையில் சைக்கிள் ஓட்டினாலும் அங்கே குற்றம். ரயில்தான் சரி. நேரமும் அவசரப்படுத்தாது. தோட்டங்களைச் சீக்கிரம் மூடச் சொன்னதை எதிர்த்து 1995-ல் ஆயிரக்கணக்கானோர் மியூனிக் தெருவில் இறங்கினார்கள். அதன் பிறகு வந்த பவேரிய விதிப்படி, பத்து மணிக்கு இசை நிற்க வேண்டும், பத்தரைக்குக் கவுன்ட்டர் மூடும், பதினொன்றுக்குள் தோட்டம் காலியாக வேண்டும். பத்தரைக்கு முன்பே குவளையைக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் வரிசை நீளமாக இருக்கும்.