கடைசி 3 சதவீதத்தின் விலை

2019 நவம்பர் வரை கல்பாக்கம் எங்க காஞ்சிபுரம் மாவட்டம்தான். அப்புறம் செங்கல்பட்டோடு போய்விட்டது. மாவட்டம் பிரிந்து முடிந்தபோதும் அங்கே 500 மெகாவாட் அதிவேக ஈனுலை முடிந்தபாடில்லை.

2003இல் ஒப்புதல் கிடைத்தபோது மதிப்பீடு 3,492 கோடி ரூபாய். முடிக்க வேண்டியது 2010 செப்டம்பர். 2004 அக்டோபரில் வேலை ஆரம்பம், டிசம்பரில் சுனாமி; தோண்டிய பள்ளம் முழுக்கக் கடல்நீர். பின்னாளில் மதிப்பீடு 5,677 கோடி ஆனது, அதாவது 63 சதவீத உயர்வு. அதற்குப் பிறகும் ஏறியது. உலையில் கோர் லோடிங் தொடங்கியதைப் பிரதமர் நேரில் பார்த்தது 2024 மார்ச் 4 அன்று. முதல் கெடுவிலிருந்து எண்ணினால் பதின்மூன்றரை வருஷம். திருத்திய தேதியிலிருந்து எண்ணினால் தாமதம் எப்போதுமே சில மாதம்தான்! அதனால் நான் முதல் தேதியை மட்டுமே பிடித்துக்கொள்வேன்.

இதில் எந்தத் தாமதம் அதிகச் செலவு வைத்தது? சுனாமி என்றுதான் தோன்றும். ஆனால் அப்போது பள்ளம் மட்டும்தானே இருந்தது, பெரும்பணம் இன்னும் இறங்கவில்லை. 2016 வாக்கில் 97 சதவீதம் முடிந்தது என்றார்கள். அந்தச் சதவீதம் கட்டியதையும் பொருத்தியதையும் சொல்லும். ஓட்டிச் சரிபார்க்க ஆகும் காலத்தைச் சொல்லாது. அந்தக் கட்டத்தில் 5,000 கோடி முடங்கியிருந்தது என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். 8 சதவீத வட்டி போட்டால் வருஷத்துக்கு 400 கோடி, நாளுக்கு ஒரு கோடிக்கு மேல். ஒரு யூனிட் மின்சாரமும் வராமல்.

பாவு ஓட்டும் முன் தறி நின்றால் கூலிதான் போகும். பட்டும் ஜரிகையும் கடனுக்கு வாங்கி, முந்தானை வரை நெய்த சேலை தறியிலேயே கிடந்தால்? எங்க ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அவசரப்பட்டிருக்கலாம் என்று சொல்லவில்லை. அந்த உலையைக் குளிர்விப்பது திரவ சோடியம். தண்ணீர் பட்டால் வெடிக்கும், காற்றுப் பட்டால் எரியும். இந்த அளவில் நம் நாட்டில் இதுதான் முதல் உலை. நிதானமாகச் சோதிக்கத்தான் வேண்டும். என் குறை, அந்தச் சோதனைக் காலத்துக்கு 2003 கணக்கிலேயே போதிய இடம் ஒதுக்காததுதான்.

இனி எந்தத் திட்டத்துக்காவது '90 சதவீதம் முடிந்தது' என்று செய்தி வந்தால் நான் தேடுவது இரண்டு எண்கள்: இதுவரை செலவான மொத்தத் தொகை, முதலில் சொன்ன தேதி. மத்திய புள்ளியியல் அமைச்சகம் 150 கோடிக்கு மேற்பட்ட மத்திய அரசுத் திட்டங்களுக்கு வெளியிடும் அறிக்கைகளில் இரண்டும் கிடைக்கும். நாள் வட்டியை நாமே போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.