ஐம்பத்தெட்டு வயதில் மாதம் எவ்வளவு வரும்?

தனியார் கம்பெனி ஊழியரின் சம்பளச் சீட்டில் மாதம் தவறாமல் பி.எஃப். பிடித்தம் இருக்கும். அதை நம்பி, 'ரிட்டயர் ஆனால் பென்ஷன் வந்துவிடும்' என்று நிம்மதியாக இருக்கும் வீடுகள் ஏராளம். பென்ஷன் வரும் என்பது உண்மை. எவ்வளவு வரும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்த வீடுகள்தான் குறைவு.

ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ ஒரு தொழிற்சாலையில் 1999 செப்டம்பரில் சேர்ந்து, 2025 செப்டம்பரில் 58 வயதில் ஓய்வு பெற்ற ஒருவரை எடுத்துக்கொள்வோம். கடைசியில் அவர் வாங்கிய சம்பளம் 45,000 ரூபாய். பென்ஷன் கணக்கில் அந்த 45,000 வராது. ஊழியர் பென்ஷன் திட்டத்துக்கு 15,000 ரூபாய்தான் சம்பள உச்சவரம்பு. அதுவும் 2014 செப்டம்பரில் வந்தது; அதற்கு முன் 6,500. சம்பளத்தைப் பணி ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் சூத்திரம். இவருடைய முதல் 15 ஆண்டுகள் பழைய வரம்பிலும் அடுத்த 11 ஆண்டுகள் புதிய வரம்பிலும் கணக்கிடப்படும். இருபது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்குக் கிடைக்கும் இரண்டு ஆண்டுச் சலுகையைச் சேர்த்தாலும் மாதப் பென்ஷன் நாலாயிரம் ரூபாயை ஒட்டித்தான் நிற்கும்.

இருபத்தாறு வருட உழைப்புக்கு நாலாயிரம்.

காரணம் எளிது. ஊழியர் செலுத்தும் 12 சதவீதத்தில் ஒரு பைசாகூடப் பென்ஷனுக்குப் போவதில்லை, அத்தனையும் பி.எஃப். கணக்கில் சேர்கிறது. நிர்வாகம் செலுத்தும் பங்கிலிருந்துதான், 15,000 ரூபாய்க்கு 8.33 சதவீதம் என்று, மாதம் 1,250 ரூபாய் பென்ஷன் நிதிக்குப் போகிறது. கூடுதல் பென்ஷனுக்கு விருப்பம் கொடுத்து ஏற்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோருக்கு இதுதான் நிலை. புதிய வரம்பில் முழுதாக 35 ஆண்டுகள் உழைத்தாலும் சூத்திரப்படி வருவது 7,500 ரூபாய்.

ஆக, வயதான காலத்தில் குடும்பத்தைத் தாங்கப்போவது பென்ஷன் அல்ல, பி.எஃப். கணக்கில் சேர்ந்திருக்கும் மொத்தத் தொகை. அந்தத் தொகையைத்தான் நம் குடும்பங்கள் வழியிலேயே கரைத்துவிடுகின்றன. கம்பெனி மாறும்போதெல்லாம் பழைய கணக்கை முடித்துப் பணத்தை எடுப்பது பலருக்குப் பழக்கமாகிவிட்டது. தங்கையின் கல்யாணம், புது பைக், நகையை மீட்பது என்று கையில் வந்த பணத்துக்குச் செலவும் காத்திருக்கும். அந்தத் தேவைகள் பொய்யானவை அல்ல. ஆனால் 28 வயதில் எடுக்கும் ஒரு லட்சம், 8.25 சதவீத வட்டி நீடித்தால், 58 வயதில் பத்தே முக்கால் லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். வட்டி அப்படியே நீடிக்கும் என்பதற்கு உறுதியில்லை. தொண்ணூறுகளில் 12 சதவீதம் கிடைத்தது, 2021-22-இல் 8.1-க்கு இறங்கியது. 7 சதவீதம்தான் என்று வைத்தாலும் ஏழரை லட்சம் வரும். ஐந்தாண்டுப் பணி முடியாமல் எடுத்தால் வருமான வரியும் உண்டு. கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். அடையாள எண்ணான யூ.ஏ.என். ஒன்றே இருக்கும்போது, பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொள்வதுதான் லாபம்.

பென்ஷன் பங்கையும் சேர்த்து எடுப்பவர்கள் பணி ஆண்டுகளை இழக்கிறார்கள். குறைந்தது பத்து ஆண்டுப் பணி இருந்தால்தான் 58 வயதில் மாதப் பென்ஷன். நான்கு வருடம் இங்கே, மூன்று வருடம் அங்கே என்று ஒவ்வொரு முறையும் எடுத்துவிடுபவருக்கு, முப்பது வருடம் உழைத்தும் கணக்கில் பத்து ஆண்டு தேறாமல் போகலாம்.

ஓய்வு பெறும்போது ஒரே நாளில் இருபது லட்சம் வங்கிக் கணக்கில் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். மிகுந்த கவனம் வேண்டியது அப்போதுதான். மகனின் தொழிலுக்கு, மகள் வீட்டு மாடிக்கு என்று உறவுகள் கேட்கும், மறுப்பது கடினம். அதைவிட ஆபத்து, பெருவட்டி ஆசை. மாதம் 25 முதல் 30 சதவீதம் வட்டி தருவதாகச் சொல்லி சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி ரூபாய் வசூலித்ததாக ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் மீது தமிழகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு 2022-இல் வழக்குப் பதிந்தது. அரசே உத்தரவாதம் தரும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 2023 ஏப்ரல் முதல் வட்டி 8.2 சதவீதம். அது மாதத்துக்கு அல்ல, வருடத்துக்கு. இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாரை நம்பலாம் என்பது விளங்கும்.

இந்தத் திட்டம் 60 வயதானவர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். 55 வயதைக் கடந்து ஓய்வு பெற்றவர்களும், ஓய்வுப் பணம் கைக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் அஞ்சலகத்திலோ வங்கியிலோ சேரலாம். உச்சவரம்பு 30 லட்சம். இருபது லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 41,000 ரூபாய், அதாவது மாதம் 13,600-க்குச் சற்று மேல். சேரும்போது உள்ள வட்டி ஐந்தாண்டுக்கு மாறாது. பென்ஷன் நாலாயிரத்தையும் கூட்டினால் இருவர் உள்ள வீட்டுக்கு அரிசி, மின்கட்டணம், மாத்திரைச் செலவு தாங்கும். வாடகை வீடு என்றால் சிரமம்தான். விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால், இன்று 30,000 ரூபாயில் ஓடும் குடும்பத்துக்கு இருபது வருடம் கழித்து 96,000 தேவைப்படும். இன்று நாற்பது வயதில் இருப்பவர் பி.எஃப்.-ஐ மட்டும் நம்ப முடியாது என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும். என்.பி.எஸ். எனும் தேசிய ஓய்வூதியத் திட்டம், பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்ட் என்று வளரக்கூடிய ஒன்றில் மாதம் இரண்டாயிரம் மூவாயிரமாவது இப்போதே போட ஆரம்பிப்பது நல்லது. அவற்றில் ஏற்ற இறக்கம் உண்டு. இருபது வருட அவகாசம் இருப்பவரால் அதைத் தாங்க முடியும்.

இதையெல்லாம் வீட்டில் யாருக்குத் தெரியும் என்பதும் முக்கியம். ஊழியர் பணியில் இருக்கும்போதே இறந்துவிட்டால், ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்குப் பென்ஷன் உண்டு. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய். இரண்டு குழந்தைகளுக்கு 25 வயது வரை, தாயின் பென்ஷனில் கால்வாசி வீதம் தனியாகக் கிடைக்கும். பி.எஃப்.-உடன் இணைந்த காப்பீட்டில் அதிகபட்சம் ஏழு லட்சம் வரை வரும். கணவரின் யூ.ஏ.என். எண்கூடத் தெரியாத மனைவி, துக்க வீட்டிலிருந்து எழுந்து பி.எஃப். அலுவலகத்துக்கு அலைய நேர்வது கொடுமை. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை நாமினியாகப் பதிந்தவர்கள், பி.எஃப். இணையதளத்தில் நுழைந்து ஆதார் ஓ.டி.பி. மூலம் மனைவி, பிள்ளைகளின் பெயரைச் சேர்த்துவிடலாம். கட்டணம் கிடையாது, அலுவலகத்துக்குப் போகவும் வேண்டியதில்லை.