வாசகர் கடிதமும் ஒரு சாட்சியமே

பத்திரிகையில் ஒரு கட்டுரை வெளிவந்ததும் விடயம் முடிந்துவிடுவதில்லை. அதனை வாசித்தவர் தமது கருத்தையும் தாம் கண்டு அனுபவித்ததையும் எழுதி அனுப்புகின்றபோதே அது முழுமை பெறுகின்றது. மலையகத் தோட்டங்களைப் பொறுத்தவரை, அத்தகைய கடிதம் பல வேளைகளில் வேறெங்கும் கிடைக்காத சாட்சியமாக அமைகின்றது.

தோட்டத் தொழிலாளரின் கதையை நெடுங்காலம் பிறரே எழுதி வந்தனர். தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர், புடவை வியாபாரி போன்று தோட்டங்களுக்குள் சென்று நிலைமையைக் கண்டறிந்தார் என்பது வரலாறு. வெளியார் தோட்டத்திற்குள் நுழைவதே தடுக்கப்பட்டிருந்த காலம் அது. பின்னர் அவர் நடத்திய 'தேசநேசன்', 'தேசபக்தன்' ஆகிய பத்திரிகைகள் லயத்து வாழ்வை வெளியுலகுக்கு எடுத்துரைத்தன. 1960களில் வீரகேசரியின் 'தோட்ட மஞ்சரி' பகுதி தோட்டத்து இளைஞர்களையே எழுத வைத்தது. எழுதப்பட்டவர்கள் எழுதுபவர்களாக மாறியமை சாதாரண மாற்றமன்று.

கண்டியைச் சேர்ந்த சித்திலெப்பை 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கியதும் இதையொத்த ஒரு தேவையினாலேயே. தம்மைப் பற்றித் தாமே பேசுவதற்கு ஒரு சமூகத்திற்குத் தனது மொழியில் ஓர் ஏடு வேண்டியிருந்தது.

இதன் அவசியத்தை ஓர் உதாரணத்தினால் விளக்கலாம். 2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகள் அத்தொகையை வெளியிட்டன. ஆனால் பறிக்க வேண்டிய கொழுந்தின் அளவு எவ்வளவு, அந்த அளவை எட்டாதவருக்கு அரைப்பெயர் போடப்பட்டதா, நிறுவையின்போது ஈரத்திற்கும் கூடைக்கும் எத்தனை கிலோ கழிக்கப்பட்டது, மாதத்தில் எத்தனை நாள் வேலை கிடைத்தது என்பனவற்றை வர்த்தமானி சொல்லாது. சம்பளச் சீட்டைக் கையில் வைத்திருப்பவரே சொல்ல முடியும். அதே மாதத்தில் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ கடை வைத்திருக்கும் முஸ்லிம் வர்த்தகரின் கடன் கொப்பி, அச்சம்பளம் அரிசிக்கும் மாவுக்கும் போதுமாயிருந்ததா என்பதைக் காட்டும். இருவரும் எழுதினால் உண்மையின் இரு பக்கங்களும் வெளிப்படும்.

எனினும் கருத்து வேறு, சாட்சியம் வேறு. "தொழிலாளர் சுரண்டப்படுகின்றனர்" என்று மட்டும் எழுதினால் மறுப்பவர் ஒரு வரியில் மறுத்துவிடுவார். "இன்ன மாதம் இத்தனை நாள் வேலை செய்தேன், இத்தனை ரூபா கழிக்கப்பட்டது" என்று எழுதினால், மறுப்பவரும் கணக்கைக் காட்டியே மறுக்க வேண்டியிருக்கும். தாம் நேரில் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதையும் பிரித்து எழுதுதல் வேண்டும். அயலாரின் குடும்ப விடயங்களையும், எழுதச் சம்மதியாதவரின் பெயரையும் தவிர்ப்பதே நாகரிகம்.

இங்கு ஒரு பெருந்தடையும் உண்டு. கடிதம் எழுதுபவர் பெயரும் முகவரியும் தர வேண்டுமென்பது பத்திரிகை மரபு. பல தோட்டங்களிலோ லயன் அறைகளுக்குத் தனி முகவரியே இல்லை. வரும் தபால்கள் தோட்ட அலுவலகத்தின் ஊடாகவே வீட்டை அடைகின்றன. குடியிருக்கும் அறையும் நிர்வாகத்தின் பொறுப்பில் உள்ளது. வேலை போனால் வீடும் போகலாம் என்ற அச்சம் தலைமுறைகளாகத் தொடர்வது. நகரத்து வாசகர் துணிந்து கையொப்பமிடுவதையும் தோட்டத்து வாசகர் தயங்குவதையும் ஒரே அளவுகோலால் அளக்கலாகாது.

ஆகவே பொறுப்பு இரு தரப்பாருக்கும் உரியது. எழுதுபவர் தமது உண்மைப் பெயரை ஆசிரியரிடம் மறைக்காதிருக்க வேண்டும். ஆசிரியர் விபரங்களைச் சரிபார்த்து, தேவையேற்படின் புனைபெயரில் வெளியிட்டு, எழுதியவரைக் காக்க வேண்டும். குற்றஞ்சாட்டப்படும் தரப்பினருக்குப் பதிலளிக்க இடமளிப்பதும் நீதியாகும்.

1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் மலையகத்தில் எத்தனையோ குடும்பங்களைக் குலைத்தன. ஒப்பந்தம் அவர்களை இலட்சங்களில் கணக்கிட்டது. தலைமன்னாரில் கப்பலேறிய ஒரு தாயின் பிரிவை அக்கணக்கு பதிவு செய்யவில்லை. அதனை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்றும் நம்மிடையே உள்ளனர். எழுதத் தெரிந்த பேரப்பிள்ளைகள் அவர்களருகே அமர்ந்து கேட்டு, ஊரும் ஆண்டும் குறித்து எழுதியனுப்பினால், நாளைய வரலாற்றாசிரியர் நம் மக்களைப் பற்றிப் பிறர் எழுதியதை மட்டும் நம்பியிருக்க வேண்டிய நிலை ஏற்படாது.