முழங்கால் மடக்கும் துப்பாக்கி

சிவகாசியிலிருந்து வரும் லயன் காமிக்ஸில் டெக்ஸ் வில்லரை வாசித்தவர்களுக்கு இந்தத் துப்பாக்கியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. விசையைச் சுற்றி வளையம்போல ஒரு பிடி; அதுதான் லீவர். அதைக் கீழே தள்ளி இழுத்தால் அடுத்த தோட்டா தயார். 1948இல் டெக்ஸைப் படைத்தவர்கள் இத்தாலியர்கள். அவன் கையிலிருக்கும் வின்செஸ்டர் துப்பாக்கிக்கு இன்று நகல் செய்து அமெரிக்கர்களுக்கே விற்பவர்களிலும் இத்தாலியர்களே முன்னால் நிற்கிறார்கள். பிரேஷியா பக்கம் 1959இல் தொடங்கிய உபெர்ட்டி நிறுவனம் அதில் பெயர்பெற்றது. வின்செஸ்டர் பெயரிலேயே விற்கும் 1873 மாடலோ ஜப்பானில், மிரோக்கு ஆலையில் உருவாகிறது!

உள்ளே இருப்பது ஒரு முழங்கால். இரண்டு தண்டுகள் ஒரு மூட்டில் சேர்கின்றன. நிற்கும்போது முழங்கால் நேராகிப் பாரம் தாங்குவதுபோல, லீவர் மூடியிருக்கையில் தண்டுகள் ஒரே கோட்டில் நின்று வெடிப்பின் உதைப்பைத் தாங்கும். லீவரைத் தள்ளினால் மூட்டு மடங்கும். குழலின் பின்வாயை மூடும் அடைப்பு பின்னுக்கு வந்து காலி உறையை வெளியே எறியும், சுத்தியலைச் சாய்த்து வைக்கும். அடுத்த தோட்டா மேலே ஏறும். எல்லாம் ஒரு கையசைப்பில்.

மூட்டு வேகமானது, ஆனால் மெலிந்தது. பெரிய தோட்டாக்களின் அழுத்தம் அதற்கு ஆகாது. துப்பாக்கி வடிவமைப்பாளர் ஜான் பிரவுனிங் வின்செஸ்டரின் 1886 மாடலில் மூட்டை விட்டுவிட்டு, மேலும் கீழும் நகரும் இரண்டு எஃகுக் கட்டைகளால் பூட்டுப் போட்டார்.

இன்னொரு சிக்கல் தோட்டாக்கள் நிற்கும் வரிசை. குழலுக்குக் கீழே ஒரு குழாய்க்குள், பேருந்துக் கூட்டம்போல ஒன்றன்பின் ஒன்று. பின்னால் நிற்பதன் மூக்கு முன்னால் நிற்பதன் அடியில் முட்டுகிறது. பொறிமருந்து இருப்பதும் அங்கேதான். கூர்மூக்குக் குண்டு என்றால் சுடும் அதிர்ச்சியில் குத்தி, குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். அதனால் மொண்ணை மூக்குதான் பாதுகாப்பு. மொண்ணை மூக்கோ காற்றில் சீக்கிரம் வேகமிழக்கும். 20ஆம் நூற்றாண்டின் படைகள் கூர்முனைத் தோட்டாவுக்கும் போல்ட் துப்பாக்கிக்கும் போனதில் வியப்பில்லை. 2000களின் நடுவில்தான் ஹார்னடி நிறுவனம் அழுத்தினால் நெகிழும் முனையோடு கூர்மையான குண்டைக் கொண்டுவந்தது.

பிறகு ஏன் லீவர் துப்பாக்கிக்கு இன்று மீண்டும் வரவேற்பு? திரைப்பட ஏக்கம் என்பார்கள். அது பாதிக் காரணம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1996க்குப் பிறகு ஆஸ்திரேலியாவில் அரைத் தானியங்கி ரகங்களுக்குக் கடும் கட்டுப்பாடு. ஒவ்வொரு குண்டுக்கும் கையால் இயக்கவேண்டிய லீவர் ரகம் அந்த வலைக்குள் சிக்கவில்லை. அமெரிக்காவில் 1980களில் கிளம்பிய கௌபாய் சுடும் போட்டிகளோ பழைய வடிவமைப்புகளையே கேட்கின்றன. ராணுவம் தள்ளிவிட்ட அந்தப் பழைய வடிவமே இங்கே நுழைவுச்சீட்டாகிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், போட்டியாளர்கள் அந்த முழங்காலையும் விடவில்லை. தண்டுகளின் அளவை மாற்றி, லீவர் நகரும் தூரத்தைக் குறைத்துக்கொள்கிறார்கள். எஃகும் மாறிவிட்டது: 1935இல் பிறந்த .357 மேக்னம் தோட்டாவை இன்றைய 1873 நகல் சுடுகிறது. மூலத் துப்பாக்கிக்கு அந்த அழுத்தம் கனவிலும் தெரியாது.

இந்தக் கதையின் தொடக்கத்தில் இரண்டு பேர் உண்டு. 1854இல் லீவரால் இயங்கும் கைத்துப்பாக்கிக்குக் காப்புரிமை வாங்கிய ஸ்மித்தும் வெஸ்ஸனும். அந்தத் தொழில் கைமாறி, சட்டை தைத்து விற்ற ஆலிவர் வின்செஸ்டரிடம் போய்ச் சேர்ந்தது. ஸ்மித்தும் வெஸ்ஸனும் ரிவால்வர் பக்கம் போய்விட்டார்கள். 2024இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனம் ஒரு லீவர் ரைஃபிளை வெளியிட்டது. மாடலின் பெயர்: 1854.