நெற்களஞ்சியமும் நிழற்படமும்

கண்ணுக்கு அழகாகத் தெரிவதெல்லாம் படத்திலும் அழகாக அமையும் என்று எண்ணியிருந்தவன் நான். அவ்வெண்ணத்தைத் திருத்தியது எங்கள் ஊரில் பாட்டனார் காலத்து நெற்களஞ்சியம் ஒன்று. சுண்ணாம்புச் சுவர், நாட்டு ஓட்டுக் கூரை, பின்னால் வேப்பமரம், முன்னால் களம். அறுவடை இயந்திரம் வந்து, நெல் வயலிலிருந்து நேரே கொள்முதல் நிலையத்திற்குப் போகத் தொடங்கிய பின் அதற்கு வேலையில்லாமல் போயிற்று. சென்ற தை மாதம் அதை இடிப்பதென முடிவான போது, "போகுமுன் ஒரு படம் பிடித்து வைடா" என்றார்கள் அப்பாயி. பழமைக்குக் கறுப்பு வெள்ளையே பொருத்தம் என்று நானும் கைப்பேசியோடு கிளம்பினேன். அங்கே கற்றவற்றை நண்பர்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நிறம் போனபின் நிற்பது எது?

முதற்படத்தை நண்பகலில் எடுத்தேன். சிவந்த ஓடும் பச்சை வேம்பும் நேரில் எவ்வளவு எடுப்பாக இருந்தன! படத்திலோ கூரை எங்கே முடிகிறது, மரம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. காரணம் எளிது. சிவப்பும் பச்சையும் வேறு வேறு நிறங்களே ஆயினும், வெளிச்சத்தின் அளவு ஒத்திருந்தால் இரண்டும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். பிலிம் காலத்தில் இதற்குச் சிவப்புக் கண்ணாடி வடிகட்டியை வில்லையின் முன் பொருத்துவார்கள். ஓடும் செங்கல்லும் வெளுக்கும், இலையும் நீல வானமும் கறுக்கும். இன்று வண்ணத்தில் எடுத்து வைத்துக் கொண்டு, கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்பை மட்டும் உயர்த்தினால் ஏறக்குறைய அதே பயன் கிட்டும். அதனினும் எளிய வழி, கூரையின் விளிம்பு மரத்தின்மேல் படியாமல் வெறும் வானத்தில் படியுமாறு நாம் நகர்ந்து நிற்பதே.

ஒளி வரும் திசை

உச்சிவெயில் சுவரைத் தட்டையாக்கி விடும். மறுநாள் காலை ஏழு மணிக்குச் சென்றேன். தை மாதத்து ஞாயிறு தென்கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து, தெற்குச் சுவரை உராய்ந்து சென்றது. சுண்ணாம்பு பெயர்ந்த ஒவ்வொரு செதிலும் தனக்கென ஒரு நிழல் கொண்டது. தென்மேற்கு மூலையில் நின்ற எனக்கு ஒரு சுவர் ஒளியிலும் மறு சுவர் நிழலிலும் தெரிய, கட்டடத்திற்குக் கனம் வந்தது. ஒன்றை மறத்தலாகாது: கருவி எதையும் நடுத்தரச் சாம்பலாகவே கருதி அளக்கும். ஆகவே வெள்ளைச் சுவர் படத்தை நிரப்பும்போது வெளிச்சத்தை ஒரு படி கூட்ட வேண்டும். சுவரின் சொரசொரப்பு மறையாத அளவோடு நிறுத்தவும் வேண்டும்.

நிற்கும் இடமும் விடும் பொருளும்

அண்ணாந்து எடுத்தால் சுவர்கள் உட்புறம் சாயும். பின்வாங்கி, கருவியை நேராகப் பிடித்தால் நிமிரும். முழுக் கட்டடமும் படத்தில் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பழைய பண்ணைக் கொட்டில்களை 1910களில் படமெடுத்த சார்லஸ் ஷீலர், ஒரு வெள்ளைக் கொட்டிலின் பக்கச் சுவரே படத்தை ஏறத்தாழ நிரப்புமாறு அமைத்தார். மரப்பலகைகளின் கோடுகளே அங்கு போதுமானவையாயின.

வட்டமான கட்டடத்திற்கு மூலை ஏது? பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில், 17ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்தில் எழுந்த செங்கற் களஞ்சியம் அத்தகையது. 3000 கலம் நெல் கொள்ளும் என்பர். கலத்திற்குப் பன்னிரண்டு மரக்காலாக 36,000 மரக்கால்! அங்கே ஒளி வெண்மையிலிருந்து கருமைக்குப் படிப்படியாக இறங்கும். அந்த இறக்கமே படத்தின் பொருள். அருகில் ஓர் ஆள் நின்றால்தான் அதன் பேருருவம் விளங்கும்.

நான் செய்த பிழை

இவ்வளவும் அறிந்து எடுத்த படங்களை அப்பாயியிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "கதவோரம் தாத்தா கரிக்கோடு போட்டிருப்பாரே, எங்கே?" என்று கேட்டார்கள். கலத்திற்கு ஒரு கோடாக ஒவ்வொரு அறுவடையையும் அவர் அச்சுவரில் எழுதி வைத்திருந்தார். நானோ அதைக் கறை என்று நினைத்து, முன்புறத்திற்கு அழகாகவும் இருக்குமென்று ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை உருட்டி வந்து சாத்தி மறைத்திருந்தேன்! ஓடிப் போய்ப் பார்த்தேன். சுவர் விழுந்து கிடந்தது.

அழிக்காமல் விட்டிருந்த அந்த நண்பகற் படத்தில், தாழ்வாரத்து நிழலில், அக்கோடுகள் மங்கலாகத் தெரிகின்றன. அதைத்தான் அப்பாயி சட்டம் போட்டு மாட்டச் சொன்னார்கள்.

படத்தில் எதை விடுவது என்பதே அமைப்புக் கலையின் பாதி என்பர். உண்மைதான். ஆனால் விடுவதற்கு முன், அந்தக் கட்டடத்தில் உழைத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். நண்பர்களே, நம் ஊர்களில் குதிரும் தொழுவமும் களஞ்சியமும் இன்னும் சில எஞ்சியுள்ளன. விடுமுறைக்குச் செல்லும்போது ஒரு காலைப் பொழுதை அவற்றிற்கு ஒதுக்குங்கள். கருவியை எடுக்குமுன் வீட்டுப் பெரியவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.