கொலை என்று எப்போது எழுதுவது? திருகோணமலையில் அன்றும் இன்றும்

2006 ஜனவரி 2ஆம் திகதி இரவு திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் இறந்துகிடந்தார்கள். மறுநாள் செய்தி எழுத உட்கார்ந்தவர்களுக்கு முன்னால் இரண்டு தலைப்புகள் இருந்தன. குண்டு வெடித்து ஐவர் பலி என்பது ஒன்று. ஐந்து மாணவர்கள் சுட்டுக்கொலை என்பது மற்றது. படைத்தரப்பு முதலாவதைச் சொன்னது. அவர்கள் புலிகள், கொண்டுவந்த கைக்குண்டு அவர்களிடமே வெடித்துவிட்டது என்பது அதன் விளக்கம். இரண்டாவதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் வாய் திறந்தால் என்ன நடக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அந்தக் கடற்கரையிலுள்ள காந்தி சிலையடி, ஊர்ப்பிள்ளைகள் பின்னேரத்தில் கூடிக் கதைக்கும் இடம். பிரட்றிக் கோட்டை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அன்று அங்கே இருந்தவர்கள் இருபது வயதை ஒட்டிய பெடியள். ஓடிக்கொண்டிருந்த முச்சக்கரவண்டியிலிருந்து குண்டொன்று வீசப்பட்டது. காயப்பட்டவர்கள் அங்கிருந்து போவதற்குள் சீருடைக்காரர்கள் வந்தார்கள். அடி, பிறகு துப்பாக்கிச் சூடு. அந்த மாணவர்களில் ஒருவன் ரகிகர். படையினர் தங்களைச் சுற்றி வளைத்துவிட்டதாகத் தகப்பனுக்குத் தொலைபேசியில் செய்தி அனுப்பியிருந்தான். தகப்பன் டொக்டர் காசிப்பிள்ளை மனோகரன் ஓடிவந்தார். சோதனைச்சாவடியில் மறித்துவிட்டார்கள். மகனைப் பிணவறையில்தான் பார்த்தார்.

அந்தப் பிணவறைக்குள் புகைப்படக் கருவியோடு போனவர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். துறைமுகத்தில் வேலை, 'சுடர் ஒளி'க்குப் பிரதேச நிருபர். அவர் எடுத்த படங்கள் பத்திரிகையில் வந்தன. கிட்ட நின்று சுட்ட காயங்கள் தலையில் தெரிந்தன. தன் கையிலிருந்த குண்டு வெடித்தவனுக்கு அப்படிக் காயம் வராது. சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கையும் அதையே சொன்னது: மூவருக்குத் தலையில் சூடு, மற்ற இருவருக்கு நெஞ்சிலும் வயிற்றிலும். குண்டு வெடித்த கதை அதோடு முடிந்தது. அடுத்து யாரும் அதைத் தூக்கிப்பிடிக்க முடியவில்லை.

ஜனவரி 24ஆம் திகதி காலை, ஆளுநர் செயலகத்துக்குக் கிட்ட, வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்ற சுகிர்தராஜனைச் சுட்டுக் கொன்றார்கள். 'கொலை' என்று எழுதுவதற்கு ஆதாரம் தேடிக் கொடுத்த மனிதர் ஒரு மாதம்கூட உயிரோடு விடப்படவில்லை. இந்த ஊரில் இந்தச் சொல்லைப் பற்றி எழுதும்போது அவரைத் தாண்டிப் போக எனக்கு மனம் வராது.

அந்த ஆண்டுகளில் தமிழ்ப் பத்திரிகைகள் கையாண்ட வாசகம் ஒன்று எல்லோருக்கும் மனப்பாடம்: 'இனந்தெரியாத ஆயுததாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார்.' அதைக் கோழைத்தனம் என்று இன்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. இந்த வாசகம் நடந்ததை மறைக்கவில்லை. ஒருவர் சாகவில்லை, கொல்லப்பட்டார் என்பதை அது தெளிவாகச் சொன்னது. யார் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டது. ஊரே யார் என்று குசுகுசுத்தாலும், நிருபரின் கையில் அதற்குச் சான்று இல்லை. அன்றைய நடைமுறையையும் யோசிக்க வேண்டும். பிரதேச நிருபர் செய்தியைத் தொலைபேசியிலோ தொலைநகலிலோ கொழும்புக்கு அனுப்புவார். தலைப்பு போடுவது அங்கே இருக்கும் ஆசிரியர் பீடம். அந்தத் தலைப்போடு அடுத்த நாள் சோதனைச்சாவடியைக் கடப்பது இங்கே இருக்கும் நிருபர். எச்சரிக்கையாக எழுதியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. அதற்குக் கீழே இறங்கி 'சடலமாக மீட்பு' என்று எழுதியதைத்தான் ஏற்க முடியாது. கைகள் பின்னால் கட்டப்பட்டு, தலையில் சூடு வாங்கிய ஒருவரைப் பற்றி அப்படி எழுதினால், அந்த உடல் கடலில் அடித்து வந்ததா, கட்டையில் மோதியதா என்பதுகூட வாசகனுக்குத் தெரியாது.

வெளிநாட்டுச் செய்தி நிறுவனங்களில் ஒரு விதி இருக்கிறது. அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் நடைக்கையேடு, நீதிமன்றம் ஒருவரைக் குற்றவாளியாகக் காணும்வரை பொதுவாக 'கொலைக்குற்றம்' என்ற பொருள் தரும் சொல்லைப் பயன்படுத்தாதீர்கள், 'கொல்லப்பட்டார்' என்றே எழுதுங்கள் என்கிறது. இதன் நோக்கம் நியாயமானது. எங்கள் இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவையும் இதைப் பிரித்தே வைத்திருக்கிறது: பிரிவு 293 ஒருவரின் உயிரைப் பறித்த குற்றத்தைச் சொல்கிறது, பிரிவு 294 அதில் எது கொலை என்று வரையறுக்கிறது, 296 அதற்கான தண்டனை. சண்டையில் கைமீறிப் போனதும், தற்காப்பும், திட்டமிட்டுச் சுட்டதும் ஒன்றல்ல. எதுவென்று சாட்சிகளைக் கேட்டுத் தீர்மானிப்பது நீதிபதியின் வேலை.

வழக்கு ஒரு தீர்ப்பில் போய் முடிகிற நாட்டுக்கு இந்த விதி பொருந்தும். திருகோணமலையில் வழக்குகள் எங்கே போய் முடிந்தன? 1996 பெப்ரவரி 11ஆம் திகதி கிளிவெட்டியை அடுத்த குமாரபுரத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தமிழர்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட, கொல்லப்பட்டார்கள். இருபது ஆண்டுகள் இழுபட்ட வழக்கில், 2016 ஜூலையில் அநுராதபுரம் மேல் நீதிமன்றத்தில் ஜூரிகள் குற்றஞ்சாட்டப்பட்ட ஆறு இராணுவத்தினரையும் விடுவித்தார்கள். 2006 ஓகஸ்டில் மூதூரில், ஏசிஎஃப் என்ற பிரெஞ்சுத் தொண்டு நிறுவனத்தின் 17 பணியாளர்கள் தங்கள் அலுவலக வளவிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலானவர்கள் நிறுவனத்தின் உடையோடு குப்புறக் கிடந்தார்கள். இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. காந்தி சிலையடி வழக்கில் 2013இல் கைதான பொலிஸ் விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரையும், போதிய சான்று இல்லை என்று 2019 ஜூலை 3ஆம் திகதி திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுதலை செய்தது. முக்கிய சாட்சிகள் நாட்டை விட்டுப் போய்ப் பல காலம் ஆகியிருந்தது. டொக்டர் மனோகரன் குடும்பமும் அச்சுறுத்தலால் வெளியேறியதுதான்.

தீர்ப்பு வரும்வரை பொறு என்ற விதியை இங்கே கண்மூடிப் பின்பற்றினால், சாட்சியை விரட்டியவனுக்கே அது உதவும். சாட்சி போனால் வழக்கு போகும், வழக்கு போனால் சொல்லும் போய்விடும். விடுதலைக்குப் பிறகு 'மாணவர்கள் உயிரிழந்த சம்பவம்' என்று எழுதுவதே சட்டப்படி பாதுகாப்பு என்று சொல்பவர்களை நான் கேட்டிருக்கிறேன். அது தவறு. நீதவான் சொன்னது இந்த 13 பேருக்கு எதிராகப் போதிய சான்று இல்லை என்பது. மாணவர்கள் கொல்லப்படவில்லை என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. ஜனாதிபதி நியமித்த உடலாகம ஆணைக்குழுவே சீருடை தரித்தவர்களின் பங்கு குறித்துப் பலமான காரணங்கள் இருப்பதாகக் கண்டது. அதன் அறிக்கை 2009இல் கையளிக்கப்பட்டு, 2015வரை வெளியில் வரவில்லை.

ஆகவே நான் வைத்துக்கொள்ளும் அளவு இதுதான். செயலுக்குப் பெயர் வைக்க உடலும் மருத்துவ அறிக்கையும் நடந்த விதமும் போதும். மண்டியிட வைத்தோ படுக்க வைத்தோ கிட்ட நின்று தலையில் சுட்டால், அதைக் 'கொலை' என்று எழுத யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆளுக்குப் பெயர் வைப்பது வேறு. அதற்குத் தீர்ப்பு வேண்டும். 'கொலையாளி' என்று ஒருவரையும் தீர்ப்புக்கு முன் எழுதக்கூடாது. விடுதலையானவரை அப்படி எழுதவே கூடாது, அவர் எந்தச் சீருடை போட்டிருந்தாலும்.

அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தமிழில் எழுதுகிற நாங்கள் அந்தக் காலத்தில் ஒழுங்காகக் காப்பாற்றவில்லை. அதே 2006 ஏப்ரலில் இந்த மாவட்டத்தின் கோமரங்கடவலவில் வயலில் நின்ற சிங்கள விவசாயிகள் கொல்லப்பட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு 'படுகொலை' என்றும் அவர்களுக்கு வெறும் 'பலி' என்றும் எழுதினால், காந்தி சிலையடிக்கு நாங்கள் வைக்கும் சொல்லையும் வெளியே யாரும் நம்பப் போவதில்லை.

இன்று நிலைமை மறுபக்கம் சாய்ந்திருக்கிறது. கையடக்கத் தொலைபேசியே செய்தி நிலையம். கடற்கரையில் ஒரு உடல் ஒதுங்கினால், நீதவான் வந்து பார்ப்பதற்கு முன்பே முகப்புத்தகத்தில் 'மர்மக் கொலை' வந்துவிடுகிறது. அன்று வீட்டில் யார் இருந்தார்கள், யாரோடு வாய்த்தர்க்கம் என்பதெல்லாம் சேர்ந்து வரும். இரண்டு நாள் கழித்துப் பிரேத பரிசோதனையில் நீரில் மூழ்கிய சாவு என்று வந்தால் அதைப் போடுவதற்கு ஆள் இல்லை. சந்தேகத்தின் பேரில் பொலிஸ் கூப்பிட்டு விசாரித்த ஒருவரின் படத்தைப் போட்டு 'கொலைகாரன் சிக்கினான்' என்று எழுதுகிறார்கள். பொலிஸ் நீதிமன்றத்தில் போடும் முதல் பி அறிக்கை என்பது, இன்னாரை விசாரிக்கிறோம் என்ற தகவல் மட்டுமே. அதில் பெயர் இருப்பவர்களில் எத்தனையோ பேர் பிறகு விடுவிக்கப்படுகிறார்கள். அந்தக் குடும்பங்களும் இதே ஊரில்தான் சந்தைக்குப் போக வேண்டும்.

அன்று சான்று கையில் இருந்தும் சொல்ல முடியாத அச்சம். இன்று சான்று வருமுன்னே சொல்லிவிடும் அவசரம். இரண்டுக்கும் பிணவறை வாசல்வரை போய்ப் பார்க்கும் நிருபர்தான் மருந்து, அவருக்குத்தான் இப்போது தட்டுப்பாடு. செய்தி ஒன்றுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் ஒருவரிடம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை வரும்வரை இரண்டு நாள் பொறுத்திரு என்று சொல்லும் ஆசிரியர், அந்த இரண்டு நாளுக்கும் காசு கொடுக்க வேண்டும். சம்பளத்தைப் பற்றிப் பேசாமல் ஒழுக்கக் கோவையைப் பற்றிப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

ஜனவரி மாதம் இங்கே இரண்டு நினைவு நாட்கள் வருகின்றன. 2ஆம் திகதி கடற்கரையில் மாணவர்களுக்கு, 24ஆம் திகதி சுகிர்தராஜனுக்கு. அந்தச் செய்திகளை எழுதும் இளம் நிருபர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. போன வருடச் செய்தியைப் பிரதி பண்ணித் திகதியை மட்டும் மாற்றாதீர்கள். உடலாகம அறிக்கை இப்போது பொதுவில் இருக்கிறது. மருத்துவச் சான்று என்ன சொன்னது, எந்தத் திகதியில் யார் விடுவிக்கப்பட்டார், சாட்சிகள் ஏன் வரவில்லை என்பதைச் செய்திக்குள் வையுங்கள். கேட்பதற்கு 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. சுகிர்தராஜன் வழக்கின் விசாரணை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று பொலிசாரிடம் எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் அதைப் போடுங்கள், வராவிட்டால் கேட்ட திகதியையும் பதில் வராததையும் போடுங்கள்.