ஊரான் பிள்ளையின் படம்

போன வாரம் ஒரு நாள் சாயங்காலம், மாடி வீட்டு அம்மாள் பெரிய காகித உறை ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகத்தில் கலவரம் நன்றாகத் தெரிந்தது. பின்னாலேயே அவளுடைய 12 வயதுப் பெண்ணும் வந்தாள். அவள் முகத்தில் கலவரத்தின் சுவடே இல்லை.

"அக்கா, இதைக் கொஞ்சம் பாருங்கள்" என்று அம்மாள் உறையைப் பிரித்தாள்.

உள்ளே இருந்தது பெண்ணின் எக்ஸ்ரே படம். தலையைப் பக்கவாட்டில் வைத்து எடுத்தது. மண்டை ஓடு, கண் குழி, இரண்டு தாடைகள், அவற்றில் வரிசையாகவும் வரிசை தப்பியும் நிற்கும் பற்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று தெரிந்தன. அதன் மேல் கம்ப்யூட்டர் வைத்த புள்ளிகளும் கோடுகளும் வேறு.

"பெற்ற பெண்ணின் மண்டை ஓட்டைக் கண்ணால் பார்க்கும்படி ஆகிவிட்டதே! நேற்று ராத்திரி பூரா எனக்குத் தூக்கமே இல்லை."

"பெரியம்மா, என் மூக்கைப் பார்த்தீர்களா? எலும்பில் இருப்பது இத்தனூண்டுதான்!" என்று சிரித்தாள் பெண். சிரிக்கும்போது மேல் வரிசைப் பற்கள் கீழ் உதட்டின் மேல் வந்து உட்கார்ந்தன. அதற்காகத்தான் பல் டாக்டர் கம்பி கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

அம்மாள் மூன்று கேள்விகள் கேட்டாள். பல் கோணலாக இருந்தால் பல்லை மட்டும் படம் எடுப்பதுதானே, தலை முழுவதும் எதற்கு? எந்த இடத்தில் புள்ளி வைப்பது என்று கம்ப்யூட்டருக்கு யார் சொல்லிக் கொடுத்தது? மூன்றாவது கேள்வியைப் பெண் காதில் விழாமல் மெதுவாகக் கேட்டாள்: "குழந்தைக்கு இதனால் ஆபத்து ஒன்றும் வராதே?"

அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்கிறேன். கம்பி கட்டும் வயதில் குழந்தைகள் உள்ள வீடுகளில் இந்தக் கேள்விகள் எப்படியும் எழத்தானே போகின்றன?

கதவா, நிலையா?

வீட்டில் ஒரு கதவு சரியாகச் சாத்தவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கதவு ஈரத்தில் பருத்திருக்கலாம், நிலை சாய்ந்திருக்கலாம், சுவரே இறங்கியிருக்கலாம். நிலை சாய்ந்திருக்கும்போது கதவை இழைத்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? கதவு தேயுமே தவிர, சாத்தாது.

பல்லின் சமாசாரமும் இதுதான். மேல் பல் துருத்திக்கொண்டிருந்தால் பல் மட்டும் சாய்ந்திருக்கலாம். மேல் தாடை முன்னே வந்திருக்கலாம். மேல் தாடை சரியாகவே இருந்து, கீழ்த் தாடை பின்தங்கிப் போயிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலவே தோன்றும். வைத்தியமோ மூன்றுக்கும் வெவ்வேறு.

பல் சீரமைப்பு வைத்தியத்துக்கு ஒழுங்கான அடித்தளம் போட்டவர் எட்வர்ட் ஆங்கிள் என்ற அமெரிக்க டாக்டர். கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று எப்படிச் சேருகின்றன என்பதை வைத்து 1899-ல் அவர் செய்த வகைப்பாட்டைத்தான் இன்றும் மாணவர்கள் முதல் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் அவர் பார்த்தது கதவை; நிலையைப் பார்க்க அப்போது சாதனம் இல்லை.

சாதனம் பிறந்தது என்னவோ அதற்குச் சற்று முன்னால்தான். ஜெர்மனியில் ராண்ட்ஜன் 1895 நவம்பரில் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். டிசம்பரில் தம் மனைவியின் கையைப் படம் பிடித்தார். மோதிரத்தோடு எலும்பு தெரிந்தது. 1896 ஜனவரியில் வால்காஃப் என்ற ஜெர்மானியப் பல் டாக்டர் தம் பல்லையே படம் எடுத்துக்கொண்டார். அதற்காக அவர் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது 25 நிமிஷம்!

ஆனால் தலையைப் படம் எடுப்பதில் ஒரு சங்கடம். இன்றைக்கு எடுத்த படத்தையும் அடுத்த வருஷம் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தாடை வளர்ந்திருக்கிறதா, அல்லது குழந்தை தலையைச் சற்றே திருப்பிவிட்டதா என்று சொல்ல முடியாது. இந்த முடிச்சு அவிழ்ந்தது கிளீவ்லாந்து என்ற அமெரிக்க நகரத்தில்.

கிளீவ்லாந்துக் குழந்தைகள்

அந்த ஊர்ச் சர்வகலாசாலையில் விங்கேட் டாட் என்ற உடற்கூற்றுப் பேராசிரியர் ஆயிரக்கணக்கான எலும்புக்கூடுகளைச் சேகரித்து வைத்திருந்தார். ஆங்கிளின் மாணவரான ஹாலி பிராட்பென்ட் என்ற பல் டாக்டர் அங்கே மண்டை ஓடுகளை அளந்து, முகம் வளரும் விதத்தை அறிய முயன்றார். ஆனால் யோசித்துப் பாருங்கள்: பொருட்காட்சியில் இருக்கும் குழந்தையின் மண்டை ஓடு, இறந்துபோன குழந்தையுடையது அல்லவா? நோயில் வாடி மறைந்த குழந்தை, ஆரோக்கியமான குழந்தை வளரும் விதத்தை எப்படிச் சொல்லும்? தவிர, அது அடுத்த வருஷம் வளர்ந்து காட்டப் போவதில்லையே!

பிராட்பென்ட் மண்டை ஓட்டைப் பிடித்து நிறுத்துவதற்குச் செய்த சட்டத்தை, உயிருள்ள குழந்தையின் தலைக்கு ஏற்றபடி மாற்றினார். இரு காதுத் துவாரங்களிலும் சிறு குச்சிகள் மெதுவாகப் பொருந்தித் தலையை நிறுத்தும். எக்ஸ்ரே குழாய் தலையின் நடுக்கோட்டிலிருந்து சரியாக 5 அடி தூரத்தில் இருக்கும். எந்த வருஷம் எடுத்தாலும் அதே தூரம், அதே கோணம். 1931-ல் இதை உலகத்துக்குத் தெரிவித்தார். அதே வருஷம் ஜெர்மனியில் ஹோஃப்ராத் என்பவரும் இதே போன்ற முறையைத் தனியாகக் கண்டுபிடித்துச் சொன்னார். மாடி வீட்டுப் பெண்ணின் படம் எடுக்கப்பட்டதும் இந்த முறையின் வழியில்தான்.

சாதனம் கிடைத்தது, பணம்? அதைக் கொடுத்தவர் ஒரு பெண்மணி. கிளீவ்லாந்தின் செல்வச் சீமாட்டி பிரான்சஸ் போல்டன். பிற்காலத்தில் 1940 முதல் 1969 வரை அமெரிக்கக் காங்கிரஸில் அங்கத்தினராக இருந்தவர். நர்ஸுகளுக்குப் பயிற்சி அளிக்க 1943-ல் வந்த சட்டம் அவர் பெயராலேயே வழங்குகிறது. அவர் ஆதரவில் அந்த ஊரின் ஆரோக்கியமான குழந்தைகள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். சிறு வயதில் தொடங்கி வருஷா வருஷம் வந்து சட்டத்தில் தலையை வைத்தார்கள்.

அந்தக் குழந்தைகளுக்கு நோய் இல்லை, வைத்தியமும் தேவையில்லை. தங்களுக்காக அல்ல, இனிப் பிறக்கப் போகும் யாரோ பிள்ளைகளுக்காக அவர்கள் உட்கார்ந்தார்கள். இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்குத் திரும்பி வருவோம்.

மண்டை ஓட்டின் அடியிலிருந்து முகம் கீழ்நோக்கியும் முன்நோக்கியும் இறங்கி வளர்கிறது என்று அந்தப் படங்கள் காட்டின. மண்டை முதலில் வளர்ந்து முடிகிறது. கீழ்த் தாடைதான் கடைசி வரை வளர்கிறது. அதனால்தான் சில குழந்தைகளைப் பார்த்ததும் டாக்டர், "இப்போதே ஆரம்பிக்கலாம்" என்கிறார். சிலரை, "இன்னும் ஒரு வருஷம் கழித்து வாருங்கள்" என்று அனுப்பிவிடுகிறார். வளர்ச்சியின் வேகத்தைத் துணைக்கு வைத்துக்கொண்டு செய்யும் வைத்தியம் அது.

புள்ளி வைக்கும் இயந்திரம்

இனி, இரண்டாவது கேள்வி. படத்தில் உள்ள புள்ளிகள் கோலப் புள்ளிகள் மாதிரி. ஒன்று இடம் மாறினால் கோலமே மாறிப் போகும். மூளையின் அடியில் குதிரைச் சேணம் போன்ற ஒரு பள்ளம் உண்டு. அங்கே ஒரு புள்ளி. நெற்றி எலும்பும் மூக்கெலும்பும் சேருமிடத்தில் ஒன்று. மேல் தாடையின் முன்புறம் ஒன்று, கீழ்த் தாடையின் முன்புறம் ஒன்று. இவற்றைக் கோட்டால் சேர்த்துக் கோணம் அளக்கிறார்கள். ஸ்டைனர் என்ற அமெரிக்க டாக்டர் 1953-ல் சொன்ன கணக்கின்படி மேல் தாடைக் கோணம் 82 டிகிரி, கீழ்த் தாடைக் கோணம் 80 டிகிரி. இரண்டுக்கும் வித்தியாசம் 2. வித்தியாசம் ஏறினாலோ இறங்கினாலோ, குறை கதவில் அல்ல, நிலையில்.

வெகு காலம் வரை டாக்டர்கள் படத்தின் மேல் மெல்லிய காகிதத்தை வைத்துப் பென்சிலால் இந்தப் புள்ளிகளைக் குறித்தார்கள். தேர்ந்த கைகளும் ஒரே படத்தில் வெவ்வேறு இடங்களில் புள்ளி வைக்கின்றன என்பதை 1971-ல் பாம்ரிண்ட், ஃபிராண்ட்ஸ் என்ற இருவர் அளந்தே காட்டினார்கள்.

பிறகு கம்ப்யூட்டருக்குப் பாடம் ஆரம்பமாயிற்று. பாடம் என்றால், அனுபவமுள்ள டாக்டர்கள் புள்ளி வைத்த படங்களை அதற்குக் காட்டிக்கொண்டே போவதுதான். 2015-ல் ஒரு சர்வதேசப் போட்டியே வைத்தார்கள். 400 படங்கள், ஒவ்வொன்றிலும் 19 புள்ளிகள். டாக்டர் வைத்த புள்ளிக்கு 2 மில்லிமீட்டருக்குள் வந்தால் தேர்ச்சி. இங்கிலாந்தின் மான்செஸ்டர் சர்வகலாசாலையைச் சேர்ந்த கிளாடியா லிண்ட்னர் என்ற பெண் விஞ்ஞானியும் டிம் கூட்ஸ் என்பவரும் முதலாவதாக வந்தார்கள். 2016-ல் அவர்கள் குழு வெளியிட்ட முடிவில் நூற்றுக்குச் சுமார் 85 புள்ளிகள் அந்த எல்லைக்குள் விழுந்தன.

சபாஷ் என்று சொல்ல வேண்டியதுதான். ஆனால் மிச்சம் 15? தாடைக் கோணத்தில் 2 டிகிரிதான் பேச்சு என்னும்போது 2 மில்லிமீட்டர் சின்ன விஷயம் அல்ல. அந்த முறைக்குப் பின் வந்த முறைகள் இன்னும் தேறியிருக்கின்றன. என்றாலும், இயந்திரம் வைத்த புள்ளியை டாக்டர் தம் கண்ணால் சரிபார்ப்பதுதான் முறை. புள்ளி எங்கே என்று இயந்திரம் சொல்லலாம். கம்பி வேண்டுமா என்பதை அது சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. கிளீவ்லாந்தில் படம் எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சத்துக் குழந்தைகள். அவர்கள் முகத்தை அளவுகோலாக வைத்து உலகத்துக் குழந்தைகளையெல்லாம் அளந்தால் அது நியாயமா? ஜப்பானிலும் இந்தியாவிலும் இன்னும் பல நாடுகளிலும் பல் டாக்டர்கள் தங்கள் மக்களுக்கென்று தனி அளவுகளைச் சேகரித்திருப்பது இதனால்தான். நம் வீட்டுப் பெண்ணின் உதடு புத்தகத்துக் கோட்டைச் சற்றே தாண்டியிருந்தால், அது குறை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அது அவள் பாட்டியின் முகமாக இருக்கலாம்!

தாயின் மூன்றாவது கேள்வி

எக்ஸ்ரே விளையாட்டுப் பொருள் அல்ல, உண்மைதான். அமெரிக்காவில் முதன்முதலில் பல்லுக்கு எக்ஸ்ரே எடுத்தவர்களில் ஒருவர் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து டாக்டர் எட்மண்ட் கெல்ஸ். கதிர்களின் எதிரே தம் கையையே நீட்டி நீட்டி இயந்திரத்தைச் சரிபார்த்தார். விரல்கள் போயின, பிறகு கை போயிற்று. 1928-ல் அந்த வேதனையிலேயே அவர் வாழ்க்கை முடிந்தது. அவரைப் போன்றவர்கள் கொடுத்த விலையால்தான் இன்றைய ஜாக்கிரதைகள் பிறந்தன.

இன்று தலையைப் பக்கவாட்டில் எடுக்கும் படம் ஒன்றில் சேரும் கதிரின் அளவு சாதாரணமாகச் சுமார் 6 மைக்ரோசீவர்ட் அல்லது அதற்கும் குறைவு. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் ஆகாயத்திலிருந்தும் இயற்கையாகவே நம் எல்லோர் மேலும் படுவது, உலகச் சராசரியில் வருஷத்துக்கு 2,400 மைக்ரோசீவர்ட். அதாவது அந்தப் படம் ஒன்றில் சேருவது, நாம் சும்மா இருந்தாலே ஒரு நாளில் சேரும் அளவுதான். இதற்காகத் தூக்கத்தை விட வேண்டியதில்லை.

முப்பரிமாணப் படத்தின் கதை வேறு. கூம்பு வடிவக் கதிரால் தலையைச் சுற்றி எடுக்கும் ஸ்கேன் முறை இது. 1998-ல் இத்தாலிய ஆராய்ச்சியாளர்கள் அறிமுகம் செய்தார்கள். எலும்புக்குள் புதைந்து கிடக்கும் கோரைப்பல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதைப் பார்க்க அதற்கு இணை இல்லை. ஆனால் அதில் சேரும் கதிர் பல மடங்கு அதிகம். எல்லாக் குழந்தைக்கும் வழக்கமாக எடுக்க வேண்டிய படம் அல்ல அது. ஆகவே டாக்டரிடம் மரியாதையாக ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தப் படத்தால் வைத்தியத்தில் என்ன மாறும், டாக்டர்?" நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார், சந்தோஷமாகப் பதில் சொல்வார்.

எடுத்த படத்தின் பிரதியைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வேறு டாக்டரிடம் போக நேர்ந்தால் அதைக் காட்டுங்கள். பழைய படமே போதும் என்றால் புதிய கதிர் எதற்கு?

இந்தச் சிக்கனத்தை உலகத்தின் ஆராய்ச்சியாளர்களும் கடைப்பிடிக்கிறார்கள். நோயில்லாத குழந்தையை ஆராய்ச்சிக்காக மட்டும் வருஷா வருஷம் எக்ஸ்ரே எடுப்பதை இன்று மருத்துவ தர்மம் அனுமதிக்காது. ஆகவே கிளீவ்லாந்துப் படங்களைப் போன்றவற்றை மறுபடி எடுக்க முடியாது. இருக்கும் படச்சுருளோ காலத்தில் பழுதாகும் வஸ்து. இதை உணர்ந்து, அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர் சங்கத்தின் அறக்கட்டளை ஒரு காரியம் செய்தது. கிளீவ்லாந்து, டென்வர், மிச்சிகன், அயோவா, கனடாவின் பர்லிங்டன், இரட்டைக் குழந்தைகளையே தேடிப் படம் எடுத்த பாஸ்டன் என்று 9 பழைய சேகரிப்புகளிலிருந்து படங்களைத் தேர்ந்தெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியது. பென்சில் புள்ளிகளின் தவறை அளந்தாரே, அந்த பாம்ரிண்ட்தான் இந்த வேலையில் முன்னின்றார். வயது, தேதி, ஒவ்வோர் ஊர்ச் சாதனமும் உருவத்தைப் பெரிதாக்கிய விகிதம் ஆகிய விவரங்களும் படத்தோடு சேர வேண்டும். இல்லாவிட்டால் அது பெயர் தெரியாத போட்டோதான். இன்று எந்தத் தேசத்து ஆராய்ச்சியாளரும் தம் மேஜையில் அமர்ந்தபடியே அந்தப் படங்களைப் பார்க்கலாம். அதற்காகப் புதிதாக ஒரு குழந்தையும் சட்டத்தில் தலை வைக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாடி வீட்டு அம்மாள் சற்று நேரம் பேசாமல் இருந்தாள்.

"அந்தப் பிள்ளைகளெல்லாம் இப்போது கொள்ளுத் தாத்தா பாட்டி ஆகியிருப்பார்கள், இல்லையா அக்கா?"

"அநேகமாக."

"ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். எந்த ஊரிலோ பிறந்த பிள்ளைகள் உட்கார்ந்த பலன், என் பிள்ளை வரைக்கும் வந்திருக்கிறதே!"

படத்தை உறையில் போட்டு, மேலே பெண்ணின் பெயரையும் தேதியையும் எழுதினாள். வீட்டுக்குப் போய்ப் பீரோவில், பிறப்புச் சான்றிதழுக்குப் பக்கத்தில் வைக்கப் போவதாகச் சொன்னாள்.

அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாளாம்.